அவை அஞ்சிய அண்ணல்

முன்னுரை

புதுச்சேரிக் கடற்கரைக்குச் செல்வோர் கண்ணை முதற்கண் ஈர்ப்பது காந்தியடிகளின் திருவுருவச் சிலையாகும். செஞ்சியிலிருந்து கொணரப்பெற்ற கருங்கல் தூண்கள் சூழ, அச்சிலை உயர்ந்த பீடத்தின்மேல் விளங்குகின்றது. அபிஷேகப்பாக்கம் முதலிய சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து சுற்றுலாச் செல்லும் மாணவர்கள், அதன் அடியில் நின்று அண்ணாந்து நோக்குவர். தம் சொல்லால் கோடிக்கணக்கான மக்களை இயக்கிய பெருமகனார் இவரே என்று வியப்பர். ஆயின், அப்பெருமகனார் இளமையில் பத்துப் பேர் கூடிய அவையிலும் வாய் திறக்க அஞ்சினார் என்பதை அவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்?

வயல் வரப்பிலும் விளையாட்டுத் திடலிலும் ஊர் அதிரப் பேசும் மாணவன், பள்ளி இலக்கிய மன்றத்தில் தன் பெயர் அழைக்கப்பெற்றவுடன் நா வறண்டு நிற்பதை நாம் கண்டிருக்கின்றோம். அவன் அறிவிலி அல்லன், சோம்பேறியும் அல்லன். அவை கண்டு அஞ்சும் அச்சம் அவனைப் பற்றிக்கொண்டது, அவ்வளவே. இவ்வச்சம் மாந்தர்க்கு இயல்பாக உள்ளதொன்று என்பதை உணர்ந்தே திருவள்ளுவரும் அவை அஞ்சாமை எனத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தார். அத்தகைய அச்சம் காந்தியடிகளை எங்ஙனம் வருத்தியது என்பதையும், அவர் அதனை எங்ஙனம் கடந்தார் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

இளமைக் கூச்சம்

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், குஜராத்து நாட்டுப் போர்பந்தரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மோகனதாசு என்பது. பள்ளியிற் பயின்ற காலத்தில் அவர் எவருடனும் கலந்து பழகார். மணி அடிக்கும் வேளைக்குச் சரியாகப் பள்ளிக்கு வருவார். பள்ளி விட்டதும் வீட்டிற்கு ஓடிவிடுவார். அவர் நடந்து சென்றாரல்லர், உண்மையாகவே ஓடினார். வழியில் யாரேனும் தம்முடன் பேசிவிடுவரோ, பேசி எள்ளி நகையாடுவரோ என்ற அச்சமே அவ்வோட்டத்திற்குக் காரணம்.

1888ஆம் ஆண்டு, சட்டம் பயிலும்பொருட்டு அவர் இங்கிலாந்து செல்வது உறுதியாயிற்று. இராசகோட்டையில் அவர் பயின்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் அவருக்கு வழியனுப்பு விழா எடுத்தனர். விழாவில் நன்றி கூறச் சில வரிகளையே அவர் எழுதி வைத்திருந்தார். எழுந்து நின்றதும் தலை சுழன்றது. உடல் முழுவதும் நடுங்கிற்று. எழுதி வைத்த அச்சில வரிகளையும் அவர் தட்டுத் தடுமாறியே படித்து முடித்தார். அன்று அவர்க்கு வயது 18. சூழ இருந்தோரோ அவருடன் படித்த மாணவர்களே.

கப்பலில் ஏறிய பின்னரும் கூச்சம் உடன் சென்றது. ஆங்கிலத்தில் ஒரு தொடர் பேசவேண்டுமாயினும், அதனை முதலில் மனத்துக்குள் அமைத்துப் பார்த்த பின்னரே அவரால் வாய் திறக்க முடிந்தது. கத்தியும் முள்ளும் கொண்டு உண்ணும் முறை அவர்க்குத் தெரியாது. உணவில் புலால் கலந்துள்ளதா என்று பணியாளரை வினவவும் துணிவில்லை. ஆகவே, வீட்டிலிருந்து கொண்டு சென்ற இனிப்பையும் பழங்களையும் தம் அறையிலேயே உண்டு காலம் கழித்தார். உடன் சென்ற மசும்தார் என்னும் நண்பர், வழக்கறிஞராக விரும்புவோர்க்கு நா வன்மை வேண்டும் என்று எடுத்துக்கூறி, எல்லாரோடும் பேசிப் பழகுமாறு தூண்டினார். அவ்வறிவுரை அப்பொழுது பயன் தரவில்லை.

இலண்டனில் நேர்ந்தவை

இலண்டன் மாநகரில் புலால் உண்ணாதார் சங்கம் ஒன்று இருந்தது. தாய்க்கு அளித்த உறுதிமொழியைக் காத்துப் புலால் நீக்கி வாழ்ந்த காந்தியடிகள், அச்சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினரானார். கூட்டம் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. ஆயின், ஒன்றிலும் வாய் திறந்ததில்லை. தனியே பேசும்போது நன்றாகப் பேசும் இவர், குழுவில் மட்டும் ஊமையாய் இருப்பது ஏன் என்று ஓல்டுபீல்டு என்னும் நண்பர் வினவினார். உழைக்காத ஆண் தேனீக்கு இவரை ஒப்பிட்டு நகையாடவும் செய்தார். பேசவேண்டும் என்ற விருப்பம் காந்தியடிகட்கு இல்லாமல் இல்லை. மற்றவர் யாவரும் தம்மினும் நன்கறிந்தவர்போல் அவர்க்குத் தோன்றினர். அரிதின் முயன்று அவர் துணிவு கொள்ளும் வேளையில், குழு அப்பொருளை விட்டு வேறு பொருளுக்குச் சென்றிருக்கும். அவை அஞ்சுவார் பலர்க்கும் நேரும் துன்பம் இதுவேயன்றோ?

ஒரு நாள் அவர் பேசியே தீரவேண்டிய நிலை வந்தது. சங்கத் தலைவர் கில்சு என்பார், அல்லின்சன் என்னும் மருத்துவரைச் சங்கத்திலிருந்து நீக்க முற்பட்டார். அல்லின்சனின் கருத்துகள் ஒழுக்கத்திற்கு மாறானவை என்பது தலைவரின் எண்ணம். அக்கருத்துகளைக் காந்தியடிகளும் ஒப்பவில்லை. எனினும், சங்கத்தின் நோக்கம் புலால் விலக்கலே. அந்நோக்கத்தை ஏற்ற ஒருவரை வேறு கருத்து வேற்றுமைக்காக நீக்குதல் முறையன்று என அவர் உறுதியாகக் கருதினார். தலைவரோ அவர்பால் அன்புடையவர். சங்கத்திற்குப் பொருள் வழங்கி வந்தவர். ஆயினும், மனத்திற்பட்ட நீதியை மறைத்திருக்கக் காந்தியடிகளால் முடியவில்லை. தம் கருத்தை எழுதிக்கொண்டு குழுவிற்குச் சென்றார். படிக்க எழுந்திருக்கும் துணிவு வரவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு அதனைப் படிக்கச் செய்தார். அன்று அல்லின்சன் பக்கம் தோற்றது. ஆனால், மாணவர்காள், ஒன்றை நோக்குங்கள்: அச்சம் காந்தியடிகளின் நாவைக் கட்டிற்றேயன்றி, நெஞ்சைக் கட்டவில்லை. வாய் உதவாத இடத்தில் அவர் எழுதுகோலை எடுத்தார். உண்மையைச் சொல்லாமல் விட்டாரல்லர்.

1891ஆம் ஆண்டு மேத் திங்களில் அவர் வெண்ட்னர் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். புலால் விலக்கலைப் பற்றி அங்கே ஒரு கூட்டத்திற் பேசுமாறு அழைப்பு வந்தது. எழுதிப் படிப்பது குற்றமாகக் கருதப்படுவதில்லை என்று முன்னரே கேட்டறிந்து, ஒரு தாள் அளவிற்கு உரை எழுதிக்கொண்டார். எழுந்து நின்றதும் கண் மங்கியது, கை நடுங்கியது, எழுத்துகள் தெரியவில்லை. அவ்வொரு தாளையும் மசும்தாரே படிக்க நேர்ந்தது. மசும்தார் தம் உரையையும் சிறப்பாக ஆற்றி அவையோரின் கைதட்டலைப் பெற்றார். காந்தியடிகள் நாணத்தால் குன்றி அமர்ந்திருந்தார்.

தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு ஓர் உணவகத்தில் அவர் விருந்தளித்தார். புலால் உணவு வழங்கும் அவ்வுணவகத்தில், அன்று அவர் வேண்டுகோளின்படி மரக்கறி விருந்தே சமைக்கப்பெற்றது. நகைச்சுவையாகப் பேசி விருந்தினரை மகிழ்விக்க எண்ணினார். பாராளுமன்றத்திற் பேச எழுந்த ஆடிசன் என்னும் ஆங்கில அறிஞர், தொடங்கிய சொல்லையே மும்முறை கூறி, மேலே செல்ல இயலாது அமர்ந்தார் என்பது ஒரு கதை. அக்கதையையே தம் பேச்சுக்குத் தோற்றுவாயாகக் காந்தியடிகள் வைத்துக்கொண்டார். முதல் தொடர் வந்தது. இரண்டாம் தொடர் வரவில்லை. கதையில் வந்த ஆடிசன் நிலையே அவர்க்கும் நேர்ந்தது! வந்தோர்க்கு நன்றி கூறி அமர்ந்துவிட்டார்.

நீதிமன்றத்தில் தோல்வி

பாரிஸ்டர் பட்டத்தோடு காந்தியடிகள் இந்தியா திரும்பினார். பம்பாய்ச் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு அவர் கைக்கு வந்தது. ஊதியம் 30 ரூபாய். எதிர்வாதிக்காக நின்ற அவர், வாதியின் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். நெஞ்சம் தளர்ந்தது, தலை சுழன்றது, நீதிமன்றமே சுற்றுவதுபோல் தோன்றியது. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் நினைவில் எழவில்லை. அவர் அமர்ந்துவிட்டார். வழக்கைத் தம்மால் நடத்த இயலாது என்று ஒப்புக்கொண்டு, பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வழக்கு 51 ரூபாய் ஊதியத்தில் வேறொரு வழக்கறிஞரிடம் சென்றது.

அன்று நீதிமன்றத்தை விட்டு வெளியேறிய காந்தியடிகள், வழக்கை நடத்தும் துணிவு வரும்வரை வேறு வழக்குகளை ஏற்பதில்லை என்று முடிவு செய்தார். இராசகோட்டைக்குத் திரும்பி, பிறர்க்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்துத் திங்கள்தோறும் ஏறத்தாழ 300 ரூபாய் ஈட்டினார். எழுத்து அவர்க்குச் சோறு அளித்தது. பேச்சோ எட்டாக் கனியாகவே இருந்தது. பேச அஞ்சும் வழக்கறிஞர் என்ற பெயரோடு அவர் வாழ்வு முடிந்திருக்கவும் கூடும்.

பிரிட்டோரியாவில் முதற் பேச்சு

1893ஆம் ஆண்டு, தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்குத் தொடர்பாகக் காந்தியடிகள் தென்னாப்பிரிக்கா சென்றார். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், நிறம் பற்றி அவரை மாரிட்சுபர்க்கு நிலையத்தில் தொடர்வண்டியிலிருந்து இறக்கிவிட்டனர். குளிர் மிகுந்த அவ்விரவு முழுவதும் அவர் நிலையத்திலேயே அமர்ந்து சிந்தித்தார். மேற்கொண்டு சென்ற குதிரை வண்டிப் பயணத்தில் அடியும் பட்டார். இவ்விழிவு தமக்கு மட்டும் நேர்ந்ததன்று, அந்நாட்டில் வாழும் இந்தியர் யாவர்க்கும் நாள்தோறும் நேர்வது என்பதை உணர்ந்தார். திரான்சுவால் நாட்டினுள் புக இந்தியர் 3 பவுன் வரி செலுத்தவேண்டும். அவர்க்கு வாக்குரிமை இல்லை. தெருவின் நடைபாதையில் அவர்கள் நடத்தலாகாது. இரவு 9 மணிக்குமேல் இசைவுச் சீட்டின்றி வெளிவரலாகாது.

இந்நிலையைக் கண்ட காந்தியடிகள், பிரிட்டோரியா நகரில் இந்தியர் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். ஒரு வணிகர் இல்லத்தில் கூட்டம் நடைபெற்றது. வந்தவருட் பெரும்பாலோர் மேமன் வகுப்பு முசுலிம் வணிகர்; இந்துக்கள் சிலரே. பேசவேண்டிய பொருளைக் காந்தியடிகள் முன்னரே நன்கு ஆராய்ந்து வைத்திருந்தார். அன்று அவர் எழுந்து பேசினார். அவர் நா தடைப்படவில்லை.

பேசிய பொருள் யாது? தம் பெருமை அன்று; ஆட்சியாளர்மீது வசையும் அன்று. வணிகத்திலும் வாய்மை வேண்டும் என்று வணிகர்களிடமே கூறினார். வாழுமிடத்தைத் தூய்மையாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். இந்து, முசுலிம், பார்சி, கிறித்தவர் என்றும், குஜராத்தியர், சென்னை நாட்டார் என்றும் உள்ள வேற்றுமைகளை மறக்க வேண்டும் என்றார். குறைகளை எடுத்துரைக்க ஒரு சங்கம் அமைக்க வேண்டும் என்றார். ஆங்கிலம் அறியாதார்க்குத் தாமே அதனைக் கற்பிப்பதாகவும் கூறினார். அவ்வாறே ஒரு நாவிதரும், ஓர் எழுத்தரும், ஒரு சிறு கடைக்காரரும் அவரிடம் பாடம் கேட்டனர்; அவர்கள் இருக்குமிடம் சென்று அவர் கற்பித்தார். இதுவே தம் வாழ்வின் முதற் பொதுப் பேச்சு என்று காந்தியடிகள் பிற்காலத்திற் குறித்துள்ளார்.

நீதிமன்றத்தில் நின்ற நாவும் இதுவே. பிரிட்டோரியாவில் ஓடிய நாவும் இதுவே. இடையில் நேர்ந்த மாற்றம் யாது? முன்னெல்லாம் அவர் எழுந்து நின்றபோது, பிறர் தம்மைப் பற்றி என்ன எண்ணுவரோ என்னும் கவலை முன் நின்றது. இப்பொழுதோ, கேட்போரின் துன்பம் முன் நின்றது. தம் நினைவு பின் சென்றது. சொல்லவேண்டிய செய்தி தெளிவாக இருந்தது. அதனைச் சொல்லவேண்டிய தேவை அதனினும் பெரிதாக இருந்தது.

மீண்டும் வந்த அச்சம்

மாணவர்காள்! இவ்வளவில் அச்சம் அடியோடு அகன்றது என்று எண்ணிவிடாதீர்கள். 1896ஆம் ஆண்டு காந்தியடிகள் இந்தியாவிற்கு வந்து, தென்னாப்பிரிக்க இந்தியரின் துயரை எடுத்துரைத்தார். பம்பாயில் செப்டம்பர்த் திங்கள் 26ஆம் நாள் பெருங்கூட்டம் கூடியது. பேச்சை முன்னதாகவே எழுதி அச்சிட்டுக்கொள்ளுமாறு தலைவர் பிரோசுசா மேத்தா கூறியிருந்தார், அங்ஙனமே செய்யப்பட்டது. மண்டபம் மக்களால் நிறைந்து வழிந்தது. காந்தியடிகள் படிக்கத் தொடங்கினார், உடல் நடுங்கியது. உரக்கப் படிக்குமாறு மேத்தா ஊக்க ஊக்க, அவர் குரல் மேலும் மேலும் தாழ்ந்தது. முடிவில் வாச்சா என்னும் தலைவர் அவ்வுரையைப் படித்தார். அவையினர் அமைதியுடன் கேட்டு, உரிய இடங்களிற் கைதட்டிப் போற்றினர்.

வேறொருவராயின் அன்றே மனமுடைந்து மேடையைத் துறந்திருப்பர். காந்தியடிகள் துறந்தாரல்லர். சரியாக ஒரு திங்கள் கழித்து, அக்டோபர் 26ஆம் நாள், சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் அவர் பேச்சு நடைபெற்றது. தமிழ் மக்கள் அவரைப் பேரார்வத்துடன் எதிர்கொண்டனர். அதற்கு ஒரு காரணம் உண்டு.

நேட்டாலில் பாலசுந்தரம் என்னும் தமிழ்த் தொழிலாளி ஒருவர், ஒப்பந்தக் கூலியாக ஒரு வெள்ளையரிடம் பணி செய்தார். முதலாளி அடித்த அடியில் முன்பற்கள் இரண்டு உடைந்தன. கிழிந்த உடையும் குருதி ஒழுகும் வாயுமாய், தலைப்பாகையைக் கையிற் பிடித்துக்கொண்டு அவர் காந்தியடிகள்முன் வந்து நின்றார். தமிழறிந்த எழுத்தர் வாயிலாகக் காந்தியடிகள் அவர் துயரைக் கேட்டறிந்தார். தலைப்பாகையை அணிந்துகொள்ளச் சொன்னார்; மருத்துவரிடம் அனுப்பினார்; நீதிபதியிடம் முறையிட்டார்; வேறொரு முதலாளியிடம் அவர் பணிபுரிய வழி செய்தார். வாய் உடைந்து நின்ற தமிழர்க்கு, வாய் திறக்க அஞ்சிய ஒருவர் வாயாக அமைந்தார்!

இச்செய்தி சென்னையிற் பரவியிருந்தது. காந்தியடிகளின் உரை சற்று நீண்டதாயினும், கூடியிருந்தோர் ஒவ்வொரு சொல்லையும் செவி சாய்த்துக் கேட்டனர். அவர் எழுதிய பச்சை அட்டைச் சிறுநூலைப் பெறக் கூட்டம் முண்டியடித்தது. அதன் திருந்திய பதிப்பாகப் 10,000 படிகள் அச்சிடப்பெற்றன.

அஞ்சா நெஞ்சம்

பின்னும் அவர் பயிற்சியை விட்டாரல்லர். 1901ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரசில் 5 நிமிடம் பேச இடம் கிடைத்தது. நேரம் முடியப்போவதை அறிவிக்கும் முன்மணியை முடிவு மணியாகக் கருதி, பேச்சை இடையிலே நிறுத்தி அமர்ந்தார். இவ்வாறு தவறியும் தேறியும் வந்தவர், 1906ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், சோகன்னசுபர்க்கு நகர நாடக அரங்கில் ஏறத்தாழ 3,000 இந்தியர்முன் நின்றார். இழிவான சட்டத்திற்குப் பணிவதில்லை என்று இறைவன்மேல் ஆணையிட அவர்கள் முற்பட்டபோது, அவ்வாணையின் பொறுப்பை எடுத்துரைத்தார். சிறையும் பசியும் அடியும், உயிரிழப்புங்கூட நேரலாம் என எச்சரித்தார். கேட்போரை மயக்குதல் அவர் நோக்கமன்று, தெளிவித்தலே நோக்கம். அனைவரும் எழுந்து நின்று ஆணையிட்டனர். பின்னர்ச் சத்தியாக்கிரகம் எனப் பெயர் பெற்ற அறப்போர் அங்கே பிறந்தது.

1916ஆம் ஆண்டு பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகக் கால்கோள் விழாவையொட்டிய கூட்டத்தில், அணிமணி பூண்ட அரசர்கள் நடுவே, அவ்வணிகளைக் கழற்றி ஏழை மக்களுக்குப் பயன்படுத்தினாலன்றி நாட்டிற்கு விடிவில்லை என்னும் கருத்தை அவர் துணிந்து கூறினார். அவையில் குழப்பம் எழுந்தது, பேச்சு முற்றுப்பெறவில்லை. முன்னொரு காலத்தில் அச்சத்தால் நின்ற பேச்சு, இப்பொழுது அஞ்சாமையால் நின்றது!

1934ஆம் ஆண்டு பிப்ரவரியில், தீண்டாமையை ஒழிக்கும் சுற்றுப்பயணத்தின்போது, அக்காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் அவர் வந்து உரையாற்றினார். இன்று அவர் சிலை நிற்கும் ஊரில் அவர் குரலும் ஒலித்தது.

அச்சம் தந்த நன்மை

காந்தியடிகளின் பேச்சில் இடியோசை இல்லை, அடுக்குமொழி இல்லை. மெல்லிய குரலில், சிறு சிறு தொடர்களாக அவர் பேசுவார். அச்சொற்களை அளந்து பேசக் கற்பித்தது இளமைக் கூச்சமே என்று அவர் கருதினார். சிந்தியாத சொல் தம் நாவிலிருந்தோ எழுதுகோலிலிருந்தோ எளிதில் வெளிவராமைக்கு அதுவே காரணம் என மகிழ்ந்தார். பிற்காலத்தில் திங்கட்கிழமைதோறும் பேசா நோன்பும் மேற்கொண்டார். அன்று அச்சத்தால் வந்த மௌனம், பின்னாளில் அவர் விரும்பி ஏற்ற மௌனம் ஆயிற்று.

மேலும், தம் தோல்விகளை அவர் மறைத்தாரல்லர். வெண்ட்னரில் கை நடுங்கியதையும், நீதிமன்றத்தில் தலை சுழன்றதையும் தம் வாழ்க்கை வரலாறாகிய சத்திய சோதனையில் தாமே எழுதிவைத்தார். அவர் எழுதியிராவிடின் நாம் அவற்றை அறிந்திருப்பது அரிது. நாடே போற்றும் ஒருவர், தம் நடுக்கத்தை நாடறியக் கூறுவதற்கும் அஞ்சாமை வேண்டுமன்றோ?

முடிவுரை

1948ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் காந்தியடிகளின் மூச்சு அடங்கியது. அவர் வாழ்வு மேடையேற அஞ்சும் மாணவர்க்கு நல்லதொரு துணையாகும். அச்சம் முற்றும் நீங்கட்டும், பின்னர்ப் பேசுவோம் என்று அவர் காத்திருக்கவில்லை. பொருளை ஆராய்ந்தார், உண்மை என்று கண்டதைப் பற்றினார், யாருக்காகப் பேசுகின்றோம் என்பதை நெஞ்சில் நிறுத்தினார், நடுக்கம் வந்தபோதும் எழுந்து நின்றார். நடுக்கம் வென்ற நாட்களும் உண்டு. ஆயின், அடுத்த நாள் அவர் மீண்டும் எழுந்தார்.

மன்றத்தில் உங்கள் பெயர் அழைக்கப்பெறும்போது நெஞ்சு படபடக்குமாயின், அதற்காக நாணாதீர்கள். அவ்வுணர்ச்சி காந்தியடிகளுக்கும் இருந்தது. கற்றுத் தெளிந்ததைச் சிலவே சொற்களால், உண்மையோடு கூறி அமருங்கள். சொல் தடைப்பட்டால் அடுத்த வாரமும் எழுந்து நில்லுங்கள். அவை அஞ்சிய ஒருவரே நாட்டின் அச்சத்தைப் போக்கினார் என்பதை மறவாதீர்கள்.